மூன்று ஹெட்போன்களும் ஓர் ஆம்ப் கேள்வியும்: சுங்கை சிப்புட் உருமிக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"ஆம்ப் வாங்கலாமா வேண்டாமா, அண்ணே? நீங்க சொன்னா வாங்கிடுறோம்."

இப்படிக் கேட்டுக்கொண்டேதான் அந்தத் தம்பி கடைக்குள் வந்தான். ஹெட்போனுக்குப் போகும் ஒலியைப் பெருக்கித் தரும் சின்னப் பெட்டியைத்தான் ஆம்ப் என்றான். கையில் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கொடுக்கும் சிவப்பு நெகிழிப்பை, அதற்குள் மூன்று ஹெட்போன்கள், ஒன்றின் கம்பி இன்னொன்றில் சிக்கியபடி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒலிபெருக்கி, மின்விசிறி, வானொலி பழுதுபார்க்கும் கடை. ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் உள்ள ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. கோவில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவதும் நான்தான் என்பதால் உருமி மேளக் குழுக்கள் எல்லாமே எனக்குப் பழக்கம். இந்தத் தம்பி அப்படி ஒரு குழுவில் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்பவன். பகலில் செம்பனை ஆலையில் வேலை, இரவில் பதிவுகளைச் சேர்த்துக் கலந்து தருகிற வேலை.

குழுவில் 600 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருந்தார்கள். பதிவுகள் கோவில் ஒலிபெருக்கியில் போட்டால் சப்பென்று இருக்கின்றன, ஹெட்போனில் கேட்கும்போது நன்றாகத்தானே இருந்தது என்பது அவர்களுடைய குறை. விசாரித்த ஒரு கடையில், "300 ஓம் ஹெட்போன் ஆம்ப் இல்லாமல் ஓடவே ஓடாது, பிளானர் என்றால் இன்னும் மோசம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஓம் என்பது மின்தடையின் அளவு, பிளானர் என்பது தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தரும் வகை. 600 வெள்ளி என்பது அந்தக் குழுவுக்குச் சின்னத் தொகை இல்லை. உருமிக்குத் தோல் மாற்ற வேண்டும், தவிலுக்கு வார் மாற்ற வேண்டும். அதனால் சட்டென்று பதில் சொல்லாமல், இரண்டு வாரம் கொடு, அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த இரண்டு வாரத்தில் செய்ததும் கண்டதும்தான் இது.

கையில் இருந்தவை

முதலாவது சென்ஹைசர் ஹெச்டி 650. 2003-இல் வந்த மாடல், 300 ஓம். யாரிடமோ பழையதாக வாங்கியது. இரண்டாவது பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம், சுருள் கம்பியோடு. மூன்றாவது ஹைஃபைமேன் ஹெச்இ400எஸ்இ, 25 ஓம் பிளானர், குழுவிலுள்ள ஒருவர் இரவல் கொடுத்தது. மூன்றுமே திறந்த முதுகு வகை. அதாவது ஒலிப்பானுக்குப் பின்பக்கம் மூடியிருக்காது, வலை மட்டும்தான். 1968-இல் சென்ஹைசர் ஹெச்டி 414 என்ற பெயரில் முதன்முதலில் விற்பனைக்கு வந்த முறை இது. பின்பக்கம் திறந்திருப்பதால் ஒலி கிண்ணத்துக்குள் முட்டி மோதித் திரும்பாது. மேளம் தலைக்குள் அடைபடாமல் சற்றுத் தள்ளி நின்று வாசிப்பதுபோல் கேட்கும். கலவை செய்பவர்கள் இதை விரும்புவது அதனால்தான்.

அதே காரணத்தால் வெளிச்சத்தமும் தடையில்லாமல் உள்ளே வந்துவிடும். தம்பியின் வீடு தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வேலை இல்லை. லாரி ஓட்டம் குறையும் இரவு பத்து மணிக்கு மேல்தான் எங்கள் சோதனைகள் எல்லாம் நடந்தன. இதைச் சொல்லக் காரணம் உண்டு. மின்விசிறி ஓடும் அறையில் திறந்த ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மெல்லிய ஒலி கேட்கவில்லை என்றால் ஆம்பைக் குறை சொல்ல முடியாது. முதலில் விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஒலி வரும் மூலங்கள் இரண்டு. ஒன்று, மடிக்கணினியில் செருகி ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள். கணினியின் சொந்தத் துளையில் சார்ஜர் மாட்டினால் ஒரு கீச்சொலி வந்ததால் அதை ஒதுக்கிவிட்டோம். இன்னொன்று, குழு திருவிழாவுக்கு எடுத்துப்போகும் சிறிய மிக்சர். பதிவுகள் அதன் மெமரி கார்டில்தான் ஏறும். கணினி பெரும்பாலும் தம்பியின் தங்கை கையில், படிப்புக்காக இருப்பதால், பதிவுகளை மிக்சரிலிருந்தே ஹெட்போனில் கேட்டுக் குறிப்பெடுப்பது அவன் வழக்கம்.

ஒப்பிட ஓர் ஆம்ப் வேண்டுமே. என்னிடம் நானே சாலிடர் செய்த ஒன்று இருக்கிறது. 2011-இல் தன் உண்மைப் பெயரைச் சொல்லாத ஒரு பொறியாளர் வரைபடத்தோடு எல்லோருக்கும் வெளியிட்ட ஆப்ஜெக்டிவ்2, சுருக்கமாக ஓ2. அதிக ஓம் ஹெட்போன்களுக்கு 7 வோல்ட் வரை தரும். வெளியீட்டு இம்பிடன்ஸ், அதாவது ஆம்புக்குள்ளேயே இருக்கும் தடை, ஏறக்குறைய அரை ஓம்தான். இந்தக் கேள்விக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியாது.

முதல் இரவு: திரை விலகியது

முதல் இரவு எதையும் அளக்காமல் அவன் விருப்பப்படி கேட்கவிட்டேன். ஹெச்டி 650-ஐ டாங்கிளில் கேட்டான், பிறகு ஓ2-இல் கேட்டான். முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, திரை விலகின மாதிரி இருக்கு. உருமி இழுக்கிறது தனியா தெரியுது."

அவன் சொன்னது பொய்யில்லை, அவனுக்கு அப்படித்தான் கேட்டது. ஆனால் குமிழ் இருந்த இடத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஆம்ப் வழியாக வந்த ஒலி 2.3 டெசிபல் அதிகம். இரண்டு டெசிபல் கூடினால் நம் காது அதைச் சத்தம் கூடியதாக எடுத்துக்கொள்ளாது. தெளிவாக இருக்கிறது, ஆழமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். ஹெட்போன் ஆம்ப் பற்றி நான் கேட்ட புகழுரைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு டெசிபலுக்குள் அடங்கிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன். அளவைச் சமப்படுத்தாத எந்த ஒப்பீட்டையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

சமப்படுத்துவது பெரிய வித்தை இல்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர், கணினியில் 400 ஹெர்ட்ஸ் தொனி ஒன்று, இவை போதும். மலிவான மீட்டர்கள் அதற்கு மேல் போனால் மின்னழுத்தத்தைத் தப்பாகக் காட்டத் தொடங்கும். அதற்குக் கீழே 60, 80 ஹெர்ட்ஸில் அளந்தால் வேறொரு சிக்கல் வரும், அதைப் பிறகு சொல்கிறேன். ஹெட்போன் செருகியிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பது முக்கியம். இரு பக்கமும் 1 சதவீதத்துக்குள் வந்தால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கம் 0.500 வோல்ட் என்றால் மறுபக்கம் 0.505-ஐத் தாண்டக் கூடாது.

100 ஓம் தடை ஒன்று சொன்ன கதை

என்னை இந்த வேலையில் உண்மையிலேயே பிடித்து இழுத்தது மிக்சர்தான். மூன்று ஹெட்போனில் பிளானர் மட்டும் அதில் தூங்கி வழிந்தது. கடைக்காரர் சொன்னதுபோலவே இருக்கிறதே என்று தம்பி என்னைப் பார்த்தான்.

இழுப்பறையிலிருந்து பழுப்பு, கறுப்பு, பழுப்புக் கோடு போட்ட தடை ஒன்றை எடுத்தேன். 100 ஓம். மிக்சரின் ஹெட்போன் துளையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் கம்பி முனைகளில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, தொனியைக் குமிழால் சரியாக 1.00 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகு அதே முனைகளுக்கு நடுவே அந்தத் தடையை விரலால் அழுத்திப் பிடித்தேன். மீட்டர் 0.47-க்கு விழுந்தது. விரலை எடுத்தால் 1.00, வைத்தால் 0.47. தம்பியைக் கூப்பிட்டு அவன் விரலாலேயே இரண்டு முறை செய்யச் சொன்னேன்.

கணக்கு எளிது. வெளியே 100 ஓம் மாட்டியபோது பாதிக்கு மேல் உள்ளேயே தங்கிவிட்டது என்றால், உள்ளே 100 ஓமுக்குச் சற்று அதிகமாக ஒளிந்திருக்கிறது. போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 113 ஓம். யாராவது தவறான ஹெட்போனைச் செருகினாலும் சுற்று எரிந்துபோகாமல் இருக்க, சிறிய மிக்சர்களில் இப்படித் தடை வைத்துக் கட்டுவது வழக்கம்.

இப்போது மூன்று ஹெட்போனையும் அதில் வைத்துப் பாருங்கள். வருகிற மின்னழுத்தத்தை 113 ஓமும் ஹெட்போனும் பங்கு போட்டுக்கொள்ளும். 300 ஓம் ஹெச்டி 650-க்கு 73 சதவீதம் போய்ச் சேரும். 25 ஓம் பிளானருக்கு 18 சதவீதம்தான். கிட்டத்தட்ட 15 டெசிபல் வழியிலேயே போய்விடுகிறது. இந்த மிக்சர் பிசிறடிக்காமல் 3 வோல்ட் தரும். தயாரிப்பாளர்கள் சொல்லும் உணர்திறனை, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்பதை, வைத்துக் கணக்கிட்டால், முழுதாகத் திருகினால் ஹெச்டி 650-இல் ஏறக்குறைய 110 டெசிபல், டிடி 990-இல் 108, பிளானரில் 102.

டாங்கிளுக்கு வாருங்கள். அது தருவது 1 வோல்ட்தான், ஆனால் உள்ளே ஒளிந்திருப்பது 1 ஓம்கூட இல்லை. அதில் வரிசை தலைகீழாகிவிடுகிறது. பிளானரில் 107, ஹெச்டி 650-இல் 103, டிடி 990-இல் 102. மிக்சரில் தூங்கிய அதே பிளானர் டாங்கிளில்தான் மூன்றிலும் சத்தமானது. அப்படியானால் பிளானருக்குப் பசி என்று பொதுவாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்? வழியில் ஒருவன் எடுத்துத் தின்றுவிட்டால் வீட்டில் இருப்பவனுக்குப் பசிக்கத்தானே செய்யும்.

ஓம் எண்ணை மட்டும் பார்த்து ஆம்ப் வேண்டுமா என்று முடிவெடுக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் பரவலாக இருக்கிறது. அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. உணர்திறன் என்ன, மூலம் எத்தனை வோல்ட் தருகிறது, மூலத்துக்குள் எத்தனை ஓம் இருக்கிறது என்ற மூன்றையும் அதனோடு சேர்த்துப் பார்த்தால்தான் பதில் வரும். ஹெட்போனின் ஓம், மூலத்தின் உள்-ஓமைப்போல் எட்டு மடங்காவது இருந்தால் நல்லது என்று ஒரு கைக்கணக்கு உண்டு. இந்த மிக்சருக்கு அது 900 ஓமைத் தாண்டுகிறது. மூன்றில் எதுவுமே தேறாது.

கண்ணைக் கட்டாமல் கட்டிக் கேட்டது

இரண்டாவது வாரம் ஒரு பிஸ்கட் டின்னில் டாகிள் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, இரண்டு மூலத்துக்கும் ஒரே ஹெட்போன் மாறும்படி செய்தேன். டின் என் பக்கம், தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். முதலில் இது ஒன்று, இது இரண்டு என்று கேட்கவிடுவேன். பிறகு 50 சென் காசைச் சுண்டி, விழுந்தபடி ஒன்றை வைப்பேன். அவன் எது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு சோடிக்கும் பத்துத் தடவை. எல்லாவற்றிலும் அளவு சமப்படுத்தப்பட்டது. கேட்டது குழுவின் சொந்தப் பதிவுகள்தான், தவிலும் உருமியும் மாறி மாறி வரும் ஒரு பகுதி.

ஹெச்டி 650, டாங்கிளா ஓ2-வா என்றதில் பத்துக்கு ஆறு சரி. காசு சுண்டியே சொல்லியிருந்தாலும் ஆறோ அதற்கு மேலோ வர 38 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் அதை வித்தியாசம் கேட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. டிடி 990-இல் நான்கு. பிளானரை மிக்சருக்கும் ஓ2-வுக்கும் நடுவே வைத்தபோது, சத்தம் சமமான பிறகு ஐந்து. திரை விலகியது என்று சொன்ன அதே பிள்ளை, மீட்டர் நடுவில் வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் ஹெச்டி 650-ஐ மிக்சருக்கும் ஓ2-வுக்கும் நடுவே வைத்ததும் கதை மாறியது. பத்துக்கு ஒன்பது! குருட்டாம்போக்கில் ஒன்பதோ பத்தோ வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். தவிலின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், விழும் இடங்களில் தயங்காமல் சொன்னான்.

காரணம் அந்த 113 ஓம்தான். ஹெச்டி 650-இன் 300 ஓம் எல்லா சுருதிக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒலிப்பான் தானாக அதிர விரும்பும் இடத்தில், 100 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 500 ஓம் வரை ஏறும். உள்ளே ஓம் ஒளிந்திருக்கும் மூலத்தில் செருகினால், அந்த இடத்தில் ஹெட்போனின் பங்கு கூடிவிடும். கணக்கிட்டால் சரியாக 1 டெசிபல் மேடு. 60, 80 ஹெர்ட்ஸில் சமப்படுத்தக் கூடாது என்று முன்பு சொன்னதும் இதனால்தான், மேட்டின் மேல் நின்றுகொண்டே மட்டம் பார்ப்பதாகிவிடும். பிளானருக்கு இந்த மேடே கிடையாது. அதன் ஓம் ஏறாமல் இறங்காமல் ஒரே கோடாகப் போகும். அதனால் மிக்சரில் அது சத்தம் குறைந்ததே தவிர நிறம் மாறவில்லை.

எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது தம்பி மிக்சரைத்தான் காட்டினான். தொப்பி கனமாக இருக்கிறதாம். ஆக, ஆம்ப் வித்தியாசம் காட்டிய ஒரே இடத்தில் அவனுக்குப் பிடித்தது ஆம்ப் இல்லாத ஒலி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ரசிக்க உட்கார்ந்தால் அந்த மேடு இனிமைதான். கலவை செய்ய உட்கார்ந்தால் அதுவே கெடுதல். ஹெட்போனே தொப்பியைத் தடிப்பாகக் காட்டினால் அவன் இதுவே போதும் என்று விட்டுவிடுவான். கோவில் ஒலிபெருக்கியில் அந்தத் தடிப்பு இருக்காது.

ஆனால் ஒரு டெசிபல் மட்டும் அவ்வளவு சப்பென்று ஆக்கிவிடாதே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

காது மெத்தை

பதில் என் கண் முன்னாலேயே கிடந்தது. ஹெச்டி 650-ஐக் கழற்றித் துடைக்கும்போது காது மெத்தையைக் கட்டை விரலால் அழுத்தினேன். அழுத்தின குழி அப்படியே நின்றது. மேல் துணி வியர்வை பட்டுப் பட்டுப் பளபளவென்று தேய்ந்து, உள்ளே நுரை அப்பளம்போல் தட்டையாகியிருந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சீக்கிரம் நடக்கும். முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்தே மாற்றாத மெத்தை என்று நினைக்கிறேன்.

மெத்தை தட்டையானால் காது ஒலிப்பானுக்குக் கிட்டப் போய்விடும், ஒலியின் சமநிலையே மாறிவிடும். புது மெத்தை வரவழைத்து, இடது பக்கம் புதியது, வலது பக்கம் பழையது என்று மாட்டி, ஒரே ஒலியை (மோனோ) இரு பக்கமும் விட்டேன். தம்பி போட்டுக்கொண்டு ஐந்து நொடிகூட ஆகவில்லை. "அண்ணே, இது ரெண்டும் வேற வேற ஹெட்போன்!" என்றான். சுவிட்சும் வேண்டாம், காசு சுண்டலும் வேண்டாம். ஆம்புக்காக நாங்கள் இரண்டு வாரம் தேடிய வித்தியாசம் நுரைத் துண்டு ஒன்றில் கிடைத்தது, அந்த ஆம்பின் விலையில் கால் பங்குக்கும் குறைவாக.

மெல்லிய பதிவுக்கு ஆம்ப் வேண்டாமா?

கடைசியாக ஒரு நியாயமான கேள்வி மிச்சம். பச்சைப் பதிவுகள், அதாவது திருவிழாவில் எடுத்தபடியே இருக்கும் பதிவுகள், டாங்கிளில் ஹெச்டி 650-இல் முழுதாகத் திருகினாலும் போதவில்லை என்றான். வெளியே விற்கும் பாட்டுகளில் அந்தக் குறை இல்லை. இது உண்மையான கவனிப்பு, இதற்குப் பதிலும் உண்டு.

தவிலில் ஒரு அடி எப்போது எகிறும் என்று தெரியாததால், அவன் பதிவு செய்யும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபலில், அதாவது பதிவு தாங்கும் கூரைக்கு 12 டெசிபல் கீழே, நிற்கும்படி இடம் விடுவான். நல்ல பழக்கம். அதன்மேல், நேரடி மேளத்தில் சராசரிச் சத்தம் உச்சத்துக்கு ஒரு 18 டெசிபல் கீழே இருக்கும், அவனுடைய பதிவுகளில் அப்படித்தான் இருந்தது. டாங்கிளில் ஹெச்டி 650 எட்டக்கூடியது 103. அதிலிருந்து 12-ம் 18-ம் போனால் 73. மேளம் கேட்க வேண்டியவனுக்கு அது பக்கத்து வீட்டு வானொலி. வெளியே விற்கும் பாட்டில் உச்சம் கூரையைத் தொடும், சராசரியும் கூரைக்கு 10 டெசிபல் கீழேதான் என்றால், அதே டாங்கிளில் அதே ஹெட்போனில் 93 வரும். நீண்ட நேரம் கேட்கவே கூடாத சத்தம் அது.

ஆம்ப் போட்டால் அந்த 12 டெசிபல் கிடைக்கும், மறுக்கவில்லை. கணினியில் அந்தப் பதிவைச் சொடுக்கி 12 டெசிபல் ஏற்றினாலும் அதே 12 கிடைக்கும், காசு இல்லாமல். 24 பிட்டில் எடுத்த பதிவுக்கு அதனால் ஒரு பழுதும் வராது, கோவில் மைக்கில் ஏற்கெனவே ஏறியிருக்கும் கூட்டத்தின் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு உயரத்தில் இருக்கிறது. அவனுக்கு எதிரிலேயே செய்து காட்டினேன்.

ஏற்றிக்கொள்ள வழியில்லாத ஒரே இடம் மிக்சரின் கார்டு. இந்த மிக்சரில் கார்டிலிருந்து வரும் ஒலியைப் பதிவான அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. அதிலும் பிளானரைச் செருகினால் 102-இலிருந்து 30 போய் 72. அங்கே, மிக்சரின் முதன்மை வெளியீட்டிலிருந்து ஓ2 வழியாகப் போனால் சத்தம் நியாயமாகவே எழும்புகிறது. மூன்று ஹெட்போன், இரண்டு மூலம் என்று ஆறு சோடியில், ஆம்ப் மட்டுமே தீர்க்கக்கூடிய குறை இருந்தது இந்த ஒன்றில்தான்.

எந்த ஹெட்போன்?

மூன்றில் எது என்பதை விரைவாகச் சொல்லிவிடலாம். பிளானர் உருமியின் அடி முனகலை மற்ற இரண்டையும்விட ஆழமாகக் காட்டியது. வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது ஒலி கீழே வழுக்கிக்கொண்டு போகும் இல்லையா, ஹெச்டி 650-இல் அது கடைசியில் தேய்ந்துவிடும், பிளானரில் இன்னும் கொஞ்ச தூரம் கூடவே போகலாம். ஆனால் 390 கிராம் எடை. ஒரு மணி நேரத்தில் தம்பி கழுத்தைத் தடவ ஆரம்பித்துவிட்டான். இரவலும் ஆயிற்று. ஹெச்டி 650 புது மெத்தையோடு மனிதக் குரலையும் நாதஸ்வரத்தையும் உள்ளபடி காட்டியது, மூன்று மணி நேரம் போட்டிருந்தாலும் காது களைக்கவில்லை. கலவைக்கு அதுதான் என்று இருவரும் முடிவு செய்தோம். டிடி 990-இல் மேல் சுருதி தூக்கல், ஜால்ரா ஊசியாய்க் குத்தும். அதைக் கேட்டுக் கலந்தால் ஜால்ராவை அளவுக்கு மேல் குறைத்துவிடுவான்.

டிடி 990-ஐ விட்டுவிடலாம் என்றிருந்தபோதுதான் அவனுடைய பெரியப்பா வந்தார். குழுவின் மூத்த உருமிக்காரர். நானும் அவரும் ஒரே தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இருந்தவர்கள், மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஆலையில் பாய்லர் பக்கம் முப்பது வருடம் வேலை. ஹெச்டி 650-ஐ மாட்டிவிட்டேன். தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. "எப்படி இருக்கு மாமா?" என்றதற்கு, "போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கிறானுங்க" என்றார். டிடி 990-ஐ மாட்டினேன். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். பிறகு, "சலங்கை இருக்காடா இதில்?" என்று தம்பியிடம் கேட்டார். அந்தப் பதிவில் சலங்கை இருக்கிறது. அவரே போன தையில் அதன் பக்கத்தில் நின்று வாசித்தவர். பதிவில் இதுவரை ஒருநாளும் அது அவர் காதில் விழவில்லை.

நீண்ட நாள் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதிதான். பேச்சு கேட்கும், சலங்கையும் 'ச', 'ஸ' ஒலிகளும் மங்கிவிடும். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகள்படி வேலையிடத்தில் ஒரு நாளைக்கு 85 டெசிபல்தான் எல்லை, 82-ஐத் தாண்டினாலே முதலாளி கவனிக்க வேண்டும். மாமா வேலை செய்த காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் உண்டு. எந்த ஆம்பும் அவருக்கு அந்தச் சலங்கையைத் திருப்பித் தந்திருக்காது. எல்லாவற்றையும் சேர்த்துச் சத்தமாக்கி, மிச்சமிருக்கும் காதையும் கெடுத்திருக்கும். தூக்கலான மேல் சுருதி, அதுவும் மெல்லிய சத்தத்தில், அதைச் செய்தது. பலர் குறை என்று சொல்லும் ஒரு குணம் ஒரு மனிதருக்கு இவ்வளவு பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. டிடி 990 இப்போது அவர் வீட்டில் இருக்கிறது.

முடிவு செய்தது

ஆம்ப் வாங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். குழுவில் பெரியவர்களிடம் காட்ட வேண்டும், காகிதத்தில் வேண்டும் என்று தம்பி கேட்டான். ஹெச்டி 650-க்கு மெத்தை மாற்றியாயிற்று. கலவை என்றால் கணினியும் டாங்கிளும் மட்டும், மிக்சரின் ஹெட்போன் துளை குறிப்பெடுக்க மட்டும். பச்சைப் பதிவை முதலில் ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். திருவிழாவில் கேட்டுப் பார்க்கத் திறந்த ஹெட்போன் எதுவுமே உதவாது, பக்கத்தில் உருமி அடிக்கும்போது உள்ளே கேட்பதும் அதே உருமிதான், அதற்கு ஒரு மூடிய ஹெட்போன் பார்த்துக்கொள்ளலாம். 600 வெள்ளியில் மெத்தைக்குப் போக மிச்சம் உருமித் தோலுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு கலந்த முதல் பதிவைக் கோவிலில் என் ஒலிபெருக்கியிலேயே போட்டுப் பார்த்தோம். தொப்பி முன்பைவிட நன்றாக நின்றது. அதில் மெத்தைக்கு எவ்வளவு பங்கு, மிக்சரை விட்டதற்கு எவ்வளவு பங்கு, தம்பியின் கை பழகியதற்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோம்.

ஓ2-வை அவனிடமே கொடுத்திருக்கிறேன், பிளானர் இரவல் கிடைக்கும் நாட்களுக்கு. அதன் குமிழில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டிருக்கிறான். அந்தக் கோட்டில் வைத்தால் சராசரி 80 டெசிபல் வரும்படி நாங்கள் கணக்குப் போட்டது. வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பெரியவர்கள் கேட்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. கோட்டுக்கு மேலே அவன் கையெழுத்தில் "பெரியப்பா" என்று எழுதியிருக்கிறது.